பன்னிரண்டரை மணி இருட்டு

"ஏழு போடாதடி. ஆறு போடு, இல்லாட்டி எட்டு போடு. ஏழு மட்டும் வேண்டாம்."

"அக்கா, இது போனு. பொணம் இல்ல."

"சொல்றத சொல்லிட்டேன். செத்தவங்க ஏழாம் நாளு வீட்டுக்குத் திரும்பி வருவாங்க. அந்த நாளப் போய் மெஷின்ல எழுதி வெக்கிறியே."

ரூ-யின் சிரித்துக்கொண்டே திரையில் நாள் கேட்ட கட்டத்தில் 7 என்று தட்டினாள். பக்கத்து மேசை பாவ்ஜூ அக்கா நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு வருகைப் பதிவேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது ஒரு திங்கட்கிழமைக் காலை. தைச்சுங் நகரத்துக் கட்டடம் ஒன்றின் எட்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நான்தோ மலைச் சாலைகளின் ஓரம் மண் சரிகிறதா என்று பார்க்கும் கருவிகளைப் பராமரிப்பது அவர்கள் வேலை. மலைக்குப் போகிறவர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களுமாக நூற்று நாற்பது பேரிடம் கம்பெனி போன் இருந்தது. அத்தனை போன்களையும் ஒரே திரையிலிருந்து மேய்ப்பது ரூ-யின்னின் வேலை.

போன மாதம் இரண்டு போன்கள் தொலைந்துபோயின. அதனால்தான் இந்தப் புதிய ஏற்பாடு. இனி மனிதர்கள் யாரும் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்; மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒரு போன் ஐந்து நிமிடம் தொடர்பில்லாமல் இருந்தால் அவளுக்கு எச்சரிக்கை மெயில் வரும். மூன்று நாள் ஆனால் போன் பூட்டிக்கொள்ளும். மென்பொருளே புதிதாக ஆறு இலக்க எண் ஒன்றை உண்டாக்கிப் பூட்டும்; அந்த எண் அவள் திரையில் மட்டும் தெரியும். பூட்டிய போனிலிருந்து ஒரே ஓர் எண்ணைத்தான் அழைக்க முடியும். ஏழு நாள் ஆனால் எல்லாம் அழிந்து, கடையிலிருந்து வந்த நாளைப் போல ஆகிவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும் போன் தன் கடிகாரத்தைப் பார்த்து இதையெல்லாம் தானே செய்துகொள்ளும். ரூ-யின்னுக்கு அதில்தான் கொஞ்சம் பெருமை.

மேனேஜர் ஃபாங் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சர்க்கரை போடாத ஊலோங் தேநீரின் கசந்த வாசனை அவருக்கு முன்பே வந்துவிட்டது.

"மலைக்குப் போறவங்களுக்கு மட்டும் விலக்கு வெச்சிடலாமா சார்? அங்க நாள் கணக்குல சிக்னலே இருக்காது."

"விலக்கு வெச்சா நாளைக்கு எல்லாருமே மலைக்காரங்க ஆயிடுவாங்க. வேண்டாம்."

"பூட்டினப்புறம் அவசர அழைப்பு?"

"போன வருஷம் ஆ-ஷெங் பின்பாக்கெட்டுல போன வெச்சுக்கிட்டு ஒக்காந்து ஒக்காந்தே தீயணைப்புக்கு நாப்பது தடவ போன் போட்டான். கடிதம் வந்துச்சே, மறந்துட்டியா? எடுத்துடு அத."

அவள் 'அவசர அழைப்பு' என்ற சின்னக் கட்டத்திலிருந்த குறியை எடுத்தாள். 'அழைக்க வேண்டிய எண்' என்ற இடத்தில் தன் மேசைத் தொலைபேசியின் எண்ணைப் போட்டாள். சேமித்தாள். அவ்வளவுதான்.

அந்தத் தொலைபேசி உடனே அடித்தது.

"அக்கா, நான்தான். பூட்டிக்கிச்சு."

லாய் ஆ-ஷெங்குக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு இருபத்தொன்பது. ஆனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் அவனுக்கு அக்காதான். வாரம் ஒருமுறை தன் போனின் எண்ணை மறப்பான். ரூ-யின் ஸ்பீக்கரைப் போட்டாள், சுற்றியிருப்பவர்களும் கேட்கட்டும் என்று.

"ஆறு நம்பர் அண்ணே. ஆறே ஆறு. உங்க பொண்ணு பொறந்த தேதி ஞாபகம் இருக்கா?"

"அது இருக்கே."

"அதுவும் ஆறு நம்பர்தான். இத மட்டும் எப்படி மறக்குறீங்க?"

"பொண்ணு பொறந்தப்ப சந்தோஷமா இருந்தேன் அக்கா. இத நீங்க திட்டிக்கிட்டே குடுக்கறீங்க, நிக்க மாட்டேங்குது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல அவனைத் திருப்பிச் சொல்லவைத்தாள். "மூணு." "ம், மூணு." "ஒண்ணு." "ம், ஒண்ணு. அடுத்தது?" போன் திறந்துகொண்டதும் அவன் நன்றி சொன்னான். நாளைக்கு மலைக்குப் போவதாகவும், திரும்ப எட்டு நாளாகும் என்றும், வரும்போது அவளுக்கு மலைக் காளான் கொண்டுவருவதாகவும் சொன்னான்.

"காளானெல்லாம் வேணாம். இனிமே பூட்டிக்கிச்சுன்னு எங்கிட்ட வராதீங்க. நீங்களா யோசிச்சுக் கண்டுபிடிங்க. எட்டு நாள் இருக்கே."

அதற்கும் சிரித்தார்கள். அவனும்தான்.

புதிய ஏற்பாட்டின் முதல் நாளே அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கை மெயில்கள் வந்தன. லிஃப்டில் நின்றவனின் போன், சார்ஜ் தீர்ந்தவளின் போன், விடுப்பில் போய் அலமாரியில் போட்டுவைத்தவரின் போன். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அவை எல்லாம் தானாகவே ஒரு மூலைக் கோப்புறைக்குள் போய் விழும்படி செய்துவிட்டாள். அதன் பிறகு திரை அமைதியாக இருந்தது.

அலுவலகத்தில் மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒன்றரை வரை தூக்கம். திரைச்சீலைகளை இழுத்து விட்டதும் எட்டாவது மாடி முழுக்கத் தண்ணீருக்கடியில் போனதுபோல ஒரு சாம்பல் இருட்டு பரவும். முப்பது பேரும் சின்னத் தலையணையில் முகத்தைக் கவிழ்த்து, கைகளை மேசையின் முன்விளிம்புவரை நீட்டி, முதுகு மட்டும் தெரியக் கிடப்பார்கள். மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து பன்றி விலாவின் வாசனை மெல்லத் தணியும். குளிர்சாதனம் முனகும். யாராவது ஒருவர் குறட்டை விடுவார். ஒருமுறை அந்த நேரத்தில் ரூ-யின்னின் தொலைபேசி அடித்து, மேனேஜர் ஃபாங் தலையைத் தூக்கி அவளைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, தூக்க நேரத்தில் அது அடிக்காது. சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மின்னும்.

வெள்ளிக்கிழமை அது மின்னியது.

கண்களை மூடியிருந்தாள். இமைகளுக்குள் சிவப்பாக ஏதோ வந்து வந்து போனது. காப்பீடு விற்கிறவர்களாக இருக்கும் என்று தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமையும் மின்னியது. நின்றது. மறுபடியும் மின்னியது. அவள் அரைத் தூக்கத்தில் கையை நீட்டி, கணினியின் மேல் இருந்த பச்சைப் பையை எடுத்துத் தொலைபேசியின் மேல் சாய்த்து வைத்தாள். தேங்காய்ச் சுவை போட்ட நொறுக்குத் தீனிப் பை அது. எந்திரங்கள் சமர்த்தாக இருக்கட்டும் என்று இங்கே எல்லோரும் வாங்கிவைப்பார்கள். பச்சை நிறமாகத்தான் இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி கடந்துபோகக் கூடாது. சிவப்பு விளக்கு அதன் பின்னால் மறைந்தது.

செவ்வாய்க்கிழமை பையின் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் தெரிந்தது. பன்னிரண்டு முப்பதுக்கு. பிறகு இல்லை. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை ஆ-ஷெங்கைக் கண்டெடுத்தார்கள்.

மீட்புக் குழுவில் இருந்த ஒருவரும் பூலி ஊரின் காவலர் ஒருவரும் அன்று காலையே அலுவலகத்துக்கு வந்தார்கள். கருவிக் கம்பத்தோடு சேர்ந்து பாதை சரிந்திருக்கிறது. இருபது மீட்டர். கால் முறிந்து பள்ளத்தில் கிடந்திருக்கிறான். பக்கத்தில் ஊற்று இருந்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. அவன் திரும்ப வேண்டிய நாள் புதன் என்பதால் அதற்கு முன்னால் யாரும் தேடவில்லை. செவ்வாய்க்கிழமைதான் உயிர் போயிருக்க வேண்டும் என்றார்கள்.

"கெட்டிக்காரர்," என்றார் மீட்புக்காரர். "அந்தப் பள்ளத்துல உச்சி வேளைல ஒரு மணி நேரம்தான் வெயில் விழும். கம்பத்துல இருந்து ஒடஞ்சு விழுந்த சூரியத் தகட்டுல வயரப் பிடுங்கி போனுக்குச் சார்ஜ் ஏத்தியிருக்கார். அங்க இன்டர்நெட் கெடைக்காது. ஆனா மதியத்துல பேச்சுக்கு ஒரு கோடு சிக்னல் வரும், நாங்களே பாத்தோம். எதுக்கு எங்களக் கூப்பிடலைன்னுதான் தெரியல."

காவலர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். உள்ளே அந்தப் போன். திரையில் வெள்ளைப் பின்னணியில் 'வணக்கம்' என்று எழுதியிருந்தது. பிறகு அதே சொல் ஜப்பானிய மொழியில். பிறகு வேறொரு மொழியில். புதுப் போன் யாரையும் வரவேற்பது போல.

"இதத் திறந்து உள்ள என்ன இருந்துச்சுன்னு பாக்க முடியுமா மா?"

"முடியாதுங்க," என்றாள் ரூ-யின். "எல்லாம் அழிஞ்சிருச்சு."

கண்ணாடியில் எண்கள் தோன்றும் இடம் மட்டும் தேய்ந்து, ஊதிய மூச்சு படிந்ததுபோல மங்கியிருந்தது. அதை அவள் பார்ப்பதை மீட்புக்காரர் பார்த்தார்.

"வலது கட்டைவிரல்ல நகமே இல்ல," என்றார்.

அவர்கள் போன பிறகு மேனேஜர் ஃபாங் அவளைத் தேநீர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரூல் யார் போட்டது?"

"நீங்கதானே சார் சொன்னீங்க."

"நான் வாயால சொன்னேன். நீ கையால போட்ட. கைக்குத்தான் ரெக்கார்ட் இருக்கு." தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தார். "திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு போலீஸ் ஆளு வந்து நம்ம மெஷினப் பாக்கப் போறான். அதுக்குள்ள துடைச்சு வெச்சிரு. உனக்கும் நல்லது."

அவள் மேசைக்குத் திரும்பி, பச்சைப் பையை நகர்த்தி, தொலைபேசியின் பட்டியலைப் பார்த்தாள். எடுக்கப்படாத அழைப்புகள் முப்பத்தொன்று. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. எல்லாம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில். கடைசி அழைப்பு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு முப்பது. ஒரு நிமிடம் கழித்து ஏழு நாள் முடிந்து, போன் தன்னைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறது.

வேலை போகும், வழக்கு வரும், செய்தியில் பெயர் வரும் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. ஆ-ஷெங் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தான். அதை அவள் தனக்குள்ளேயே மறைத்துக்கொண்டாள்.

முப்பத்தொன்றையும் அழித்தாள். கட்டளைகளின் வரலாற்றை அழித்தாள். கடைசியாக அவன் போனுக்கான பக்கத்தைத் திறந்தாள். பூட்டு எண் என்ற இடத்தில் ஆறு இலக்கங்கள் இருந்தன. படிக்க மனமில்லை. முதல் இலக்கம் ஏழு என்பது மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. அழி. உறுதியா? உறுதி.

திரையை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு ஒரு மெயில் வந்தது. அது கோப்புறைக்குள் போகாமல் நேராக அவள் முன்னால் வந்து நின்றது. 'காணாமல்போன போன் தொடர்புக்கு வந்தது.' பெயர் இருக்கும் இடம் காலி. சார்ஜ் ஒரு சதவீதம். வரைபடத்தில் புள்ளி பள்ளத்தில் இருந்தது. ஆனால் போன் பூலி காவல் நிலையத்தின் உறைக்குள் இருந்தது.

பழைய தகவல் தாமதமாக வந்திருக்கும். அப்படி வருவது உண்டு. அவள் அந்தப் பெயரில்லாத வரியை அழித்தாள்.

சனிக்கிழமை வீட்டில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் ஒருமுறை அதிர்ந்தது. பன்னிரண்டு முப்பத்தொன்று. சார்ஜ் ஒரு சதவீதம். புள்ளி பூலியில். காவலர் யாராவது போனைப் போட்டிருப்பார் என்று நினைத்து, உண்மையாகவே நிம்மதியடைந்து, முட்டையை உடைத்துக் கொதிநீரில் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை புள்ளி சாவ்துன்னில் இருந்தது. மலையிலிருந்து தைச்சுங்குக்கு இறங்கிவரும் சாலையில், பாதிவழி தாண்டி. நேராகக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"அதுவா? பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கு மா. சார்ஜே இல்ல. செத்துப்போச்சு."

திங்கட்கிழமை காலையில் விடுப்புக் கேட்டாள். மேனேஜர் ஃபாங், ரெண்டு மணிக்கு ஆள் வரும்போது அவள் இருந்தே ஆக வேண்டும் என்றார். பாவ்ஜூ அக்கா கண்கள் வீங்கி வந்து உட்கார்ந்தாள். ஏழாம் நாள் பிறக்கும் இரவென்று முந்திய இரவு ஆ-ஷெங் வீட்டுக்குப் போயிருந்திருக்கிறாள்.

"அவன் பொண்டாட்டி அவனுக்குப் புடிச்சதெல்லாம் சமைச்சு வெச்சிருந்தா. வாசல்ல மாவு தூவி வெச்சோம், வந்தா காலடி தெரியுமேன்னு. விடியற வரைக்கும் அப்படியே கெடந்துச்சுடி. ஒரு கோடு இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "ஏழாம் நாளுக்கு வீட்டுக்கு வராம வேற எங்கடி போவான் மனுஷன்?"

ரூ-யின் பச்சைப் பையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். போன செவ்வாயோடு முடிந்திருந்தது.

கீழே இறங்கிப்போய்ப் புதுப் பை ஒன்று வாங்கிவந்தாள். தொலைபேசியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். சுற்றி, இழுப்பறைக்குள் போட்டாள்.

பன்னிரண்டரை. விளக்கு அணைந்தது.

திரைச்சீலைகள் இழுபட்டன. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவர் இருமினார். தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. சாம்பல் இருட்டு மேலே ஏறி எல்லோர் முதுகையும் மூடியது. அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடுகளும் சாலைகளும் மட்டுமே இருந்தன. புள்ளி எதுவும் இல்லை. தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொன்று.

புள்ளி இந்தத் தெருவில் இருந்தது. இந்தக் கட்டடத்தில்.

முதலில் வாசனைதான் வந்தது. பன்றி விலாவின் வாசனைக்கு அடியிலிருந்து, ஈர மண்ணும் பாசியும் ஊறிய இலைகளும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாசனை. பிறகு குளிர்சாதனத்தின் முனகலுக்குப் பின்னால், பாறையில் தண்ணீர் கசிவது போல ஒரு சத்தம். பிறகு வேறொன்று. மெல்லியது. கண்ணாடியில் விரல் படும் சத்தம்.

டக், டக், டக், டக், டக், டக்.

நின்றது.

டக், டக், டக், டக், டக், டக்.

கடைசி வரிசையில் ஒருவரின் போன் திரை எரிந்தது. அவர் விழிக்கவில்லை. அதற்கு முன்னால் இருந்தவருடையது எரிந்தது. அடுத்த வரிசை. அடுத்த வரிசை. முப்பது திரைகள். முப்பது நீல வெளிச்சங்கள் கவிழ்ந்த தலைகளுக்குக் கீழிருந்து மேலெழுந்தன. பாவ்ஜூ அக்காவின் போனை எட்டிப் பார்த்தாள். 'இந்தப் போன் தொலைந்துவிட்டது. கண்டெடுத்தவர் இந்த எண்ணை அழைக்கவும்.' பூட்டிய திரைக்காக அவள் எழுதிய வாசகம். அவளுடைய எண்.

"அக்கா," என்றாள். "அக்கா, எழுந்திரிங்க."

பாவ்ஜூவின் கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. தோளை உலுக்கினாள். தலை தலையணையில் ஆடியது. அவ்வளவுதான்.

நீட்டிக் கிடந்த வலது கை அசைந்தது. கட்டைவிரல் நிமிர்ந்து திரைக்கு வந்தது. தட்டியது. ஆறு முறை. நின்றது. ஆறு முறை.

எல்லாக் கைகளும். ஒரே நேரத்தில். முகங்கள் கவிழ்ந்தபடியே. மேனேஜர் ஃபாங்கின் கண்ணாடி அறைக்குள்ளும். ஆறு. நிறுத்தம். ஆறு. வேகமாக. இன்னும் வேகமாக. பாவ்ஜூவின் நகம் விளிம்பில் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு தூக்கிக்கொண்டது. அவள் தூக்கத்தில் முகம்கூடச் சுளிக்கவில்லை.

ரூ-யின் அந்த விரலைப் பிடித்தாள். பிடியில் நிற்கவில்லை.

பச்சைப் பையின் பின்னால் சிவப்பு விளக்கு மின்னியது.

வயர் இழுப்பறையில் இருந்தது. திறந்து பார்த்தாள். இருந்தது. விளக்கு மின்னியது. எடுக்காவிட்டால் இது நிற்காது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எடுத்தாள்.

கேட்கும் துளையிலிருந்து ஈரம் காதில் பட்டது. குளிர்ந்த ஈரம். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்கும் அதே குரல்.

"அக்கா, நான்தான். பூட்டிக்கிச்சு."

அவள் ஒரு கையால் பூட்டு எண்ணைத் திரையில் தேடினாள்; அவளே அழித்த இடம் காலியாக இருந்தது.

"நானா யோசிச்சுப் பாத்தேன் அக்கா. வர மாட்டேங்குது. ரொம்ப நேரம் பாத்தேன். இருட்டப் போகுது. ஆறு நம்பர்தானே, சொல்லுங்க. இந்தத் தடவ மறக்க மாட்டேன்."

முப்பது விரல்களும் நின்றன. காத்திருந்தன. பாவ்ஜூவின் திரையில் ரத்தம் மெல்ல வழிந்து, எண்கள் இருக்க வேண்டிய ஆறு காலி வட்டங்களையும் தாண்டி இறங்கியது.

"ஏழு," என்றாள் ரூ-யின்.

முப்பது கட்டைவிரல்களும் ஒருமுறை தட்டின. டக்.

"ம், ஏழு." அந்தக் குரல் சந்தோஷமாக இருந்தது. "அடுத்தது சொல்லுங்க அக்கா."